மதினியின் மீன் தொட்டி

தொட்டியில் இரண்டு தங்கமீன்களும் ஒருக்களித்துக் கிடந்தன. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "தம்பி, வெரசா இங்க வாங்க!" என்று மதினி கூப்பிட்டார்.

அண்ணன் மகள் ஆசைப்பட்டாள் என்று கொடைக்கானலிலிருந்து எங்கள் மலையூர் பூண்டிக்கு அந்த மீன்களை வாங்கிப்போனவன் நான்தான். முதலில் ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டோம். அவை மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து, "பேசுது, பேசுது" என்று பாப்பா குதித்தாள். மதினிக்குத்தான் பொறுக்கவில்லை. "பேசலடி, மூச்சுக்குத் தவிக்குது" என்று அண்ணனை நச்சரித்துப் பெரிய தொட்டியாக வாங்க வைத்தார். வாரம் தவறாமல் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார். டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் மருந்து வாடை போக ஒருநாள் பிடித்து வைக்க வேண்டுமாம், கடைக்காரர் சொன்னார். நமக்கென்ன, ஊத்துத் தண்ணி இருக்கு என்று எங்கள் எல்லோருக்குமே ஒரு மண்டைக்கனம். அந்த ஊற்றுக்கு மேலேதான் எங்கள் பூண்டுக் காடு இருக்கிறது.

மதினி என்னைக் கூப்பிட்ட அன்று காலை அண்ணன் பூண்டுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, ஸ்பிரேயரை ஊற்றுக்குப் பக்கத்திலேயே அலசியிருக்கிறார். ஊரில் எல்லோரும் அங்கேதான் அலசுவார்கள். அந்தத் தண்ணீர்தான் ஓஸ் குழாய் வழியாக வீட்டுக்கு வந்து, பாதி தொட்டிக்கும் பாதி குடத்துக்கும் போயிருந்தது. மதினி மீனைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். "ஐயோ, பாப்பா இதுல குடிச்சாளா?" என்று அலறினார். குடித்திருந்தாள்.

ஜீப்பில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போன பாதை முழுக்கப் பாப்பாவைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனோம். அவள் ஒரு கொட்டாவி விட்டால் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். மீன்கள் செத்துப்போயின.

அதற்குப் பிறகு அண்ணன் ஊற்றுப்பக்கம் ஸ்பிரேயரைக் கொண்டுபோவதில்லை. ஆனால் சுற்றிலும் அடுத்தவர் காடுகள், யார் கையைப் பிடிக்க முடியும்? மதினியே புது மீன்கள் வாங்கிவரச் சொன்னார். பாப்பாவுக்காக என்று நினைத்துத்தான் வாங்கிப்போனேன். இப்போது தினமும் வெள்ளனே முதல் குடம் தண்ணீர் தொட்டிக்குத்தான். மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்பார். மீன்கள் கொஞ்ச நேரம் துள்ளி நீந்தினால்தான், "ம், குடிக்கப் புடிங்க" என்பார். அதுவரை வீட்டில் ஒருவர் தொண்டையும் நனையாது.

போன வாரம் போயிருந்தேன். மதினி குடத்தை எடுத்து வருவதற்குள் பாப்பா ஓஸில் ஒரு டம்ளர் பிடித்து மடக்கென்று குடித்தாள். பதறிப்போய் டம்ளரைப் பிடுங்கினேன்.

"கத்தாதீங்க சித்தப்பா, அம்மாவுக்குக் கேட்டுரும்" என்றாள். "தெனமும் நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் மீனுக்கு ஊத்த விடுவேன்."