கவிழ்த்துப் போட்ட ராசாக்கள்

சூதாடி என்று யாராவது என்னைச் சொன்னால் முன்பெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். குதிரையில் காசு கட்டுகிறவனும் இயந்திரத்தில் பொத்தான் அமுக்குகிறவனும்தான் சூதாடி, போக்கர் விளையாடுகிறவன் ஆளைப் படிக்கிறவன் என்று வகுப்பு எடுக்கத் தொடங்கிவிடுவேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தப்பிப் போவார்கள். அந்த வகுப்பை நான் ஒரு சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் இந்த வடக்குக் குளிர்நாட்டில், புருசெத் என்ற புறநகரில், டாக்சி ஓட்டும் என் நண்பனின் வீட்டில், சனிக்கிழமை பின்னேரங்களில் நாலு பேர் கூடுவோம். அவன், நான், மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் மன்னார் அண்ணை, இன்னொருவர். பல வருடங்கள் ஊர்ச் சீட்டாட்டமான முந்நூற்றிநாலுதான் விளையாடினோம். அந்த இன்னொருவர் கனடாவுக்குப் போனதும் அவருடைய கதிரையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஓர் எஞ்சினியர் தம்பி வந்து உட்கார்ந்தார். அவருக்கு முந்நூற்றிநாலைப் பழக்கப் பார்த்து மூன்று கிழமையில் கைவிட்டோம். அவர் எங்களுக்குப் போக்கரை ஒரே பின்னேரத்தில் பழக்கிவிட்டார்.

விளையாட்டு இலகுவானது. கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கை நல்லதென்றால் பந்தய வில்லைகளான சிப்ஸைத் தள்ளலாம், கெட்டதென்றால் கவிழ்த்துப் போட்டுவிட்டு விலகலாம். கையில் ஒன்றுமில்லாமலே மற்றவனை வெருட்டி விலக வைக்கவும் முடியும். முந்நூற்றிநாலில் எதிரே இருப்பவன் உன் கூட்டாளி, இதில் கூட்டாளியே கிடையாது. தம்பி ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: கவிழ்த்துப் போட்ட சீட்டை யாரும் பார்க்கக்கூடாது, பார்க்கக் கேட்கவும் கூடாது. ஆளுக்கொரு காசுத்தாள் பிஸ்கட் தகரத்துக்குள் போடுவோம், கடைசியில் வென்றவன் தகரத்தை எடுப்பான்.

முதல் வருடம் நான் பெரிதாக வென்றதில்லை. பிறகு களஞ்சியத்தில் வேலை செய்யும்போது தோள் விட்டுப்போயிற்று. சத்திரசிகிச்சை, மருத்துவ விடுப்பு, அதன் நீட்டிப்பு, அதற்கொரு கடிதம், கடிதத்துக்கொரு கடிதம். முழுக் குளிர்காலமும் குரோருட்டில் எங்கள் வீட்டு ஜன்னலருகே இருந்து பனி தள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவாள், மகள் பள்ளிக்கூடம் போவாள், நான் இருப்பேன். ஒரு மனிதன் இவ்வளவு வெறுமனே இருக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில்தான் சனிக்கிழமைகளில் வெல்லத் தொடங்கினேன். சும்மா வெற்றியில்லை, வாராவாரம் வெற்றி. வேலையில்லாமல் இருந்து இருந்து என் கண் கூர்மையாகிவிட்டது என்று நம்பினேன். டாக்சி நண்பன் இடது காதைத் தடவினால் அவன் கை வெறுமை, மன்னார் அண்ணை கால் ஆட்டுவதை நிறுத்தினால் அவர் விலகப்போகிறார் என்றெல்லாம் மனதில் குறித்துவைத்தேன். குறித்தது ஒன்றும் பிழையாகவில்லை. நான் சிப்ஸைத் தள்ளுவேன், நண்பன் காதைத் தடவுவான், கவிழ்த்துப் போடுவான். தகரத்துக் காசோடு வீட்டுக்குப் போனால் மனைவி சிரிப்பாள்.

"உழைப்பாளி வந்திட்டார்," என்பாள்.

அந்தச் சிரிப்புக்காக நான் என்னவும் செய்திருப்பேன். செய்துவிட்டேன்.

ஆளைப் படிக்கத் தெரிந்தவன் கிழமைக்கு ஒருநாள் ஒரு தகரத்துக்காக மினக்கெடுவது வீண் என்று தோன்றியது. கைபேசியில் விளையாடத் தொடங்கினேன். பிசியோதெரபியில் காத்திருக்கும்போது, பேருந்தில், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மனைவி சாமான் வாங்கும்போது வெளியே வாங்கில் உட்கார்ந்து என்று எந்த இடமும் மேசையாகிவிட்டது.

அங்கே ஒருவருக்கும் காது இல்லை. பனிக்கரடியின் படம், மீனின் படம், பெயருக்குப் பின்னால் நாலு எண்கள், அவ்வளவுதான். படிப்பதற்கு முகமில்லாததால் அவர்கள் எத்தனை நொடியில் பதில் சொல்கிறார்கள் என்பதைப் படிக்கப் பார்த்தேன். ஒருவன் யோசித்துக்கொண்டிருக்கிறானா, பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறானா என்று யாருக்குத் தெரியும்? நண்பனின் மேசையில் ஒரு கை முடிய ஐந்து நிமிடம் பிடிக்கும், நடுவில் டயர் விலையும் வந்துபோகும். இங்கே மூச்சு விடுவதற்குள் அடுத்த கை வந்துவிடும். நண்பனின் மேசையில் நான் இரண்டு தரம் தொடர்ந்து தோற்றால் யாராவது சீட்டைக் குலுக்குவதை நிறுத்திவிட்டு "தேத்தண்ணி குடிச்சிட்டு விளையாடுவம்" என்பார்கள். இங்கே நான் தோற்றவுடன் இன்னும் காசு போடும் பொத்தான்தான் எல்லாவற்றையும் விட வெளிச்சமாக எரியும்.

வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதை நான் பெரிய தொல்லை என்று நினைத்திருந்தேன். நாலு பேர் முன்னால் மூன்றாவது தரமும் சட்டைப்பையில் கை விட அது விடாது. கைபேசியில் விட்டது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த குளிர்காலம் வருவதற்குள் முதலில் என் சேமிப்பு போனது. பிறகு மகளின் லைசென்ஸ் காசு. அவள் பதினெட்டு வயதில் சாரதி அனுமதி எடுக்கவேண்டும் என்று மனைவி ஞாயிறு வேலைகள் எடுத்துச் சேர்த்த காசு அது. கணக்கு என் பெயரில் இருந்தது, மகளும் அதைத் திறந்து பார்க்கலாம். மகள் எழுத்துப் பரீட்சையை முதல் தரமே பாஸ் பண்ணிவிட்டாள். முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் கோடைகால வேலையும், இங்கத்தைய பேச்சில் ஒரு ‘சொம்மர்யொப்’, கிடைத்திருந்தது, கார் ஓட்டத் தெரிந்தால் மட்டும். மருத்துவத் தாதியாகப் படிக்கப்போகிறவளுக்கு அது சும்மா வேலையில்லை. அதைப் பற்றிக் கதைக்கும்போது அவள் கதிரையில் ஒழுங்காக இருக்கமாட்டாள்.

"இஞ்சாருங்கோ, திங்கக்கிழமை அந்த டிரைவிங் ஸ்கூல் காசைக் கட்டிவிடுங்கோ," என்றாள் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை.

"ஓம், ஓம்," என்றேன். கணக்கில் மிஞ்சியிருந்தது முதல் இரண்டு பாடத்துக்கும் காணாது.

அடுத்தநாள் புருசெத்துக்குப் போனேன். என் திட்டத்தை இப்போது எழுதவே கூசுகிறது. நான் வெல்லக்கூடிய ஒரே மேசை அதுதான். தகரத்தை விட்டுவிட்டுப் பெரிய தொகைக்கு விளையாட அவர்களை இழுத்துவிட்டால் திங்களுக்குள் மகளின் காசைத் திருப்பி வைத்துவிடலாம். என்னுடைய மூன்று நண்பர்களையும் மொட்டை அடிக்கத்தான் வெறும் கையோடு படியேறினேன்.

தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் பனிச்சறுக்குப் பாய்ச்சல் ஓடிக்கொண்டிருந்தது. ரோல்ஸ் பொரித்த மணம். மன்னார் அண்ணை வழமைபோல முதல் சீட்டுக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இண்டைக்குத் தகரம் வேண்டாம். கொஞ்சம் பெரிசா விளையாடுவம்," என்றேன்.

"உனக்கென்ன விசரே? பேசாமல் போடு," என்றான் நண்பன்.

"பயமோ?"

"ஓம், பயம்தான். சீட்டைப் போடு."

ஒரு மணித்தியாலம் நச்சரித்தேன். ஒருவரும் அசையவில்லை. என் குரல் உயர்வது எனக்கே கேட்டது. பிறகு ஒரு கையில், என்னிடம் ஒன்றுமே இல்லை, இருந்த சிப்ஸ் முழுவதையும் நடுவுக்குத் தள்ளினேன். மற்ற இரண்டு பேரும் விலகினார்கள். நண்பன் இடது காதைத் தடவினான். சீட்டைக் கவிழ்த்துப் போட்டான்.

"பாத்தியளோ, இவன் ஒரு பயந்தாங்கொள்ளி," என்று சொல்லிக்கொண்டே, எங்கிருந்து வந்த மூர்க்கமோ, கையை நீட்டி அவன் கவிழ்த்த சீட்டைப் புரட்டினேன்.

இரண்டு ராசா. மேசையில் ஏற்கனவே ஒரு ராசா கிடந்தது. குழந்தைப்பிள்ளை கூட அந்தக் கையைக் கவிழ்த்துப் போடாது.

"மூண்டு ராசாவை ஏன் கவிட்டனீ?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, தொலைக்காட்சியைப் பார்த்தான். "விடும், தேத்தண்ணி ஆறுது," என்றார் மன்னார் அண்ணை.

எஞ்சினியர் தம்பிக்குத்தான் பொய் வராது. "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க ரொம்ப ஒடைஞ்சு போயிருந்தீங்க. அதான் நாங்க மூணு பேரும் பேசி..."

"பேசி?"

நண்பன் இப்போது திரும்பினான். "நீ போன விண்டர் முழுக்க ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. இஞ்சை வந்து வெண்டால்தான் சிரிச்சனீ. செத்தவீட்டிலை துக்கக்காரனைக் கூப்பிட்டு இருத்திக் காட்ஸ் விளையாடுறேல்லையே? அவனை ஆரும் அடிச்சு விளையாடுறவையே? அப்பிடித்தான்."

"நான் என்ன செத்தவீடோ?" என்று கத்தினேன்.

என் கண் கூர்மை, நான் குறித்துவைத்த காது, நின்றுபோன கால், எல்லாம் அந்த மேசையில் கிடந்தன. அவன் காதைத் தடவியது கை வெறுமை என்பதால் அல்ல, நல்ல கையைத் தூக்கிப் போட மனம் வராமல். அந்தப் பொய்யை நம்பித்தானே நான் உலகத்தோடு விளையாடப் போனேன்? "உங்களாலைதான்," என்று சொல்ல வாய் வந்தது. அதில் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் இன்னும் அசிங்கமாக இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். "கொண்டுபோய் விடுறன், நில்லு," என்று நண்பன் படிக்கட்டு வரை வந்தான். நான் நிற்கவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் பேருந்தில் என்ன செய்தேன் தெரியுமா? கைபேசியை எடுத்தேன். மகளின் காசில் மிஞ்சியிருந்ததை முழுதாக விளையாட்டுக்கு மாற்றினேன். எதிரே பனிக்கரடிப் படம். மூன்றாவது கையில், மறுபடியும் ஒன்றுமில்லாமல், எல்லாவற்றையும் தள்ளினேன். கவிழ்த்துப் போடு, கவிழ்த்துப் போடு என்று வாய்க்குள் கெஞ்சினேன். ஒரு நொடி கூட ஆகவில்லை. கரடி கவிழ்த்துப் போடவில்லை. அதற்கு என்னைத் தெரியாது.

குரோருட்டில் இறங்கி வீட்டுக்கு ஏறும் வழியில் இரண்டு தரம் நின்றேன். வீட்டில் மகள் மட்டும் இருந்தாள், சமையலறை மேசையில் கணினியோடு. நான் கோட்டைக் கழற்ற முன்னமே சொன்னாள்.

"அப்பா, நான் லைசென்ஸ் எடுக்கேல்லை. அந்த சொம்மர்யொப்பையும் வேண்டாமெண்டு எழுதிட்டன்."

"ஏன்?"

"பயமாக் கிடக்கு. பனியிலை ஓட ஏலாது எனக்கு."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். சற்று முன் ஒருவன் தொலைக்காட்சியைப் பார்த்தது போல. வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு முகத்தை நான் சரியாகப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

"நீ கணக்கைப் பாத்தனியோ?"

கணினியை மூடிவிட்டு, "ஓம்," என்றாள்.

"எப்ப?"

"கிறிஸ்மஸுக்கு முன்னம்."

இரண்டு மாதம். ஒவ்வொரு நாளும் எனக்கு எதிரே இருந்து சாப்பிட்டவள். நான் திருப்பி வைப்பேன் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அம்மாக்குத் தெரியாது," என்றாள். "அம்மாட்டை நான் பயமெண்டு சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ஆனா, அப்பா, இனி விளையாடாதேங்கோ." அப்போதுதான் அழுதாள்.

வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் என் நெஞ்சு இலேசானது. திங்கட்கிழமைக் கெடு போய்விட்டது, தப்பிவிட்டேன் என்று ஒரு கணம், ஒரு முழுக் கணம், சந்தோசப்பட்டேன். பிள்ளை தன் கையிலிருந்த மூன்று ராசாவையும் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள், நான் தகரத்தை எடுக்கக் கையை நீட்டுகிறேன். அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

கதவுப் பூட்டில் திறப்பு திரும்பியது. மனைவி வேலை முடிந்து வந்தாள். வாசலில் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றியபடி எங்களைப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டுபேரும் விறைச்சுப்போய் நிக்கிறியள்?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, நான் இந்த லைசென்ஸ்..."

"அவள் பொய் சொல்லப்போறாள்," என்றேன். "நம்பாதை. அவளுக்குப் பயமில்லை. காசை நான் விளையாடித் துலைச்சிட்டன். முழுக்க. கடைசிக் காசை இப்ப பஸ்ஸுக்குள்ளை துலைச்சனான்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் வெருட்டவில்லை, திருப்பவும் இல்லை, பார்க்க விட்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் மற்றச் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டி, குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"நீ வா பிள்ளை," என்றாள் மகளிடம். "கோட்டைப் போடு."