சிவப்பு ஸ்டிக்கர்

‘உள்ளே ஈரம் காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது.’ தைப்பொங்கலுக்கு முந்திய வியாழனன்று, கடைக்கு வாங்கிய பழைய போன் ஒன்றைப் பற்றி என் நோட்டில் நானே எழுதிய வரி இது.

கொட்டகலையில் போன் கடை வைத்திருக்கிறேன். அந்தப் போனை மூன்று மாத வாரண்டியோடு என்னிடம் வாங்கியவர், டயகம தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பழனியம்மா. மாசியில் ஒரு சனிக்கிழமை, அது இயங்கவில்லை என்று கொண்டுவந்தார். திறந்து ஸ்டிக்கரைக் காட்டினேன்.

“தண்ணி பட்டிருக்கும்மா. வாரண்டி செல்லாது.”

“கொழுந்து மலைக்குக் கொண்டுபோனா, வேலைய மேப்பாக்குற கண்டாக்கையா ஏசுவாருன்னு லயத்து வீட்டுலயே வச்சிட்டுப் போறேங்க. எப்படி நனையும்? ஞாயித்துக்கெழம மட்டுந்தான் குவைத்துல இருந்து மக பேசுவா.”

“ஸ்டிக்கர் பொய் சொல்லாதும்மா.”

“அப்ப நாந்தான் சொல்றேன்,” என்று போனை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

திங்களன்று வேறெதையோ தேடும்போது நோட்டில் அந்த வரி கண்ணில் பட்டது. நான் விற்கும்போதே அது சிவப்புதான். அன்றே வேறு போனோடு டயகம பஸ் ஏறினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“எழுதி வச்சிருந்தீங்களா?” என்றார். “அப்ப என்னையப் பொய்க்காரியாக்குறதுக்கு முன்னாடி அதப் பாத்திருக்கலாமே.”

எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவைப்பதே நேர்மை என்று நம்பியிருந்தவன் நான். இடையில் கடந்த அந்த ஞாயிறு மகள் அழைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை.