வினிதாவுக்கு அடுத்த பெயர்

தாம்பரத்தில் ரயில் ஏறியதும் ஆரோன் கைப்பேசியில் முதலில் திறப்பது ஆராய்ச்சிக் கட்டுரைத் தளத்தில் வினிதாவின் பக்கத்தை. அதையும் பார்த்த தடம் பதியாத 'இன்காக்னிட்டோ'வில்தான் திறப்பார். "நாம போய்ப் பாக்குறது அவங்களுக்குத் தெரிஞ்சிட்டா அசிங்கம் சார்," என்பார், தினமும் பக்கத்து இருக்கையில் வரும் என்னிடம். அந்தத் தளம் யாரையும் யாரிடமும் காட்டிக்கொடுக்காது என்று ஆய்வகத்தில் பலமுறை சொல்லிவிட்டார்கள். அவர் நம்புவதில்லை. பெருங்களத்தூர் தாண்டிய பிறகே தன் பக்கத்துக்கு வருகிறார். அதற்குள் முகம் சுருங்கியிருக்கும்.

ஆரோன் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சியாளர். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். ஒருவருடைய கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதான் அவர்கள் உலகில் மரியாதை. வினிதா அவரோடு ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். அவருடைய தளப் பக்கத்தில் பனிக்கு நடுவே நின்று சிரிக்கும் படம். "பனியில நின்னா சைட்டேஷன் ஏறுமா? நானும் நாளைக்கு லேப் ஃப்ரீசரத் தெறந்து வெச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

இதில் ஒரு கொடுமை உண்டு. ஆரோனின் மேற்கோள் எண்ணிக்கையில் பெரும்பகுதி ஒரே கட்டுரையிலிருந்து வருகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலச் சேற்றிலிருந்து நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் முறை அது. முதல் பெயர் வினிதா, இரண்டாவது ஆரோன். "முட்டிவரைக்கும் சேத்துல எறங்கினது நான். ஏசி ரூம்ல உக்காந்து எழுதினது அவ." சாதாரண நாட்களில் 'அவங்க', வினிதாவின் எண் ஏறிய நாளில் 'அவ'. பிரேசிலில் யாரோ அந்தக் கட்டுரையைச் சுட்டினால் இவர் கணக்கிலும் ஒன்று கூடும். அந்த ஒன்று அவருக்கு ஒருநாளும் இனித்ததில்லை.

அந்தக் கட்டுரையின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியபோது வினிதா செய்தி அனுப்பினார்: 'வாழ்த்துகள் ஆரோன், நம்ம பேப்பர்!'

"நம்ம பேப்பராம்," என்று மனைவியிடம் காட்டினார். ஜோசலின் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே, "உங்க பேர் இருக்குல்ல?" என்றார்.

"ரெண்டாவதா இருக்கு."

"எங்கப்பா அடிச்ச கல்யாணப் பத்திரிகையிலயும் உங்க பேர் ரெண்டாவதுதான். அதுக்கு யார்கிட்டப் போய் அழுவீங்க?"

இந்த ஆண்டு இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். முதல் பெயராக அவரே இருக்கும் புதிய கட்டுரை ஒன்று இல்லாமல் உள்ளே போகவே முடியாது. இரண்டு முறை அப்படித்தான் வாய்ப்புப் போனது. சேற்று நுண்ணுயிர்கள் பற்றி ஒரு கட்டுரையை ராப்பகலாக எழுதி அனுப்பினார். பயன்படுத்தியது அதே பள்ளிக்கரணை முறைதான். ஆனால் மேற்கோள் பட்டியலில் அந்தக் கட்டுரையை விட்டுவிட்டு, ஏதோ ஒரு பழைய சுமாரான முறையைச் சுட்டியிருந்தார். இதழின் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிட்டார்: 'பள்ளிக்கரணைக் கட்டுரையைக் குறிப்பிடாமல் இதை ஏற்பதற்கில்லை.' மதிப்பிடுபவர் பெயரை இதழ்கள் சொல்வதில்லை.

பக்கத்து மேசை குமரேசனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா சார் இது! அவங்க பேர வெட்றேன்னு உங்க பேரையும் சேத்து வெட்டிக்கினு கீறீங்க?"

"அந்த ரிவ்யூவரே அவதான், குமரேசன். எனக்கு நல்லாத் தெரியும்."

"இருக்கட்டுமே. கேட்டது நாயமா இல்லியா, அத்த சொல்லுங்க."

திருத்தி அனுப்ப இதழ் தந்த கெடு முடியும் நாள்வரை ஆரோன் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. கடைசியில் மேற்கோள் பட்டியலில் பள்ளிக்கரணைக் கட்டுரைக்கு ஒரு வரி சேர்த்து அனுப்பினார். கட்டுரை ஏற்கப்பட்டது. நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது.

நேற்றுக் காலை ரயிலில் வழக்கம்போல் வினிதாவின் பக்கம்தான் முதலில் திறந்தது. எண் ஒன்று ஏறியிருந்தது. "இந்த ஒண்ணு நான் போட்டது," என்றார், யாருக்கோ பிச்சை போட்டவர் போல. பிறகு தன் புதிய கட்டுரையைத் திறந்து, மேற்கோள் பட்டியலில் அந்த வரியைப் பெரிதாக்கி என் பக்கம் நீட்டினார்.

"பாருங்க சார், என் பேர்."

பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த பெயரின்மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

எதிர் இருக்கையிலிருந்து குமரேசன் எட்டிப் பார்த்தார். "சார், வெரல எடுங்க."

ஊரப்பாக்கம் வந்து போனது. ஆரோன் விரலை எடுக்கவில்லை.