உப்பளத்திலிருந்து ஜெயநகர்: வானில் 266 கிலோமீட்டர், தரையில் 42

1. புதுச்சேரி – பெங்களூரு: தூரமும் பறக்கும் நேரமும்
2. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போவது
3. சரியாகத் திட்டமிட்டால் வழியில் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை

இந்தப் பட்டியலைக் கிளம்புவதற்கு முந்தின நாள் நோட்டில் எழுதினேன். திருத்தாமல் போடுகிறேன்.

பெங்களூருவில் இருக்கும் என் அக்காவுக்குப் போன மாதம் இதய வால்வு அறுவை சிகிச்சை. தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது முந்தின நாள்தான் தெரிந்தது. மூன்று மணிக்கு உள்ளே அழைத்துப் போவார்கள், அதற்குள் என்னைப் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்கு வயது எழுபத்தெட்டு. இதுவே கடைசியாக இருக்குமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது, பேசிக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன்.

சாலை வழியே சுமார் 310 கி.மீ., பஸ்ஸில் ஏழு மணி நேரம். என் முதுகு தாங்காது. நேர்கோட்டில் 266 கி.மீ.தான். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் வரைபடத்தில் நானே அளந்தேன். முதல் விமானப் பயணம். டிக்கெட் 3,450 ரூபாய். புதுச்சேரியில் நான் குடியிருக்கும் உப்பளத்திலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு ஆட்டோ 200.

11.40க்குக் கிளம்பி 12.50க்கு இறங்கினோம். காற்றில் இருந்தது ஐம்பத்தைந்து நிமிடம்தான். சின்ன விமானம், கொஞ்சம் குலுங்கும். பக்கத்து இருக்கைப் பெண் கேட்காமலே என் பெல்ட்டை மாட்டிவிட்டார். அவருக்கு நன்றி.

1.15க்கு டாக்ஸி ஏறினேன். மருத்துவமனை இருக்கும் ஜெயநகர் 42 கி.மீ., நாற்பது நிமிடம் என்பது என் கணக்கு. 2.05க்கு மேக்ரி சர்க்கிள் பக்கம் வண்டி நகரவே இல்லை. வாட்ச்சைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஓட்டுநர் தர்மபுரிக்காரர், தமிழ் பேசினார். ஆனாலும் அவசரப்படுத்தினால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். கடைசியில் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் பெரியவரே, ஏறும்போதே சொல்லக்கூடாதா? முன்னாடியே வேற வழி புடிச்சிருப்பேனே," என்றார். அடுத்த சந்தில் திரும்பி, மல்லேஸ்வரம் வழியாகப் போய், 2.25க்கு சம்பிகே ரோடு மெட்ரோ வாசலில் இறக்கினார். "ஏழாவது ஸ்டேஷன் ஜெயநகர். எண்ணிக்கிட்டே போங்க, தூங்கிடாதீங்க," என்றார். டாக்ஸிக்கு 920, மெட்ரோவுக்கு 30.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது 2.52. அக்காவைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

"ஏணி ஏறவே பயப்படுவ, பிளேன் ஏறி வந்துட்டியாடா?" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். "பயமா கீதுடா," என்று மட்டும் மெல்லச் சொன்னாள். எனக்கும்தான் என்றேன். அதற்குச் சிரித்தாள். உடன் இருந்த நர்ஸ் ஐந்து நிமிடம் அவசரப்படுத்தாமல் நின்றார்.

அக்கா இப்போது வீட்டில் இருக்கிறாள். கஞ்சியில் உப்பில்லை என்று மருமகளிடம் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: விமான நேரங்கள் மாறும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில் இறங்கிய பின் ஊருக்குள் போக இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எங்கே, எதற்காகப் போகிறீர்கள் என்பதை வண்டியில் ஏறியவுடனே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.