ஜப்பார் பாய் திருத்திய காற்று

வெள்ளிக்கிழமை மதியம் கட்டட வேலையிடத்தில் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது ஜப்பார் பாயின் மருமகன் போனில் அழைத்தார். "அக்கா, மாமா மவுத்தாயிட்டாங்க. தொழுதுட்டு வந்து உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." பாதியில் நிறுத்த முடியாத வேலை. கலவைக்குப் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

நான் வீடு கட்டுகிற பொறியாளர். அவர் ஏசி மெக்கானிக். பதினைந்து வருடம் சேர்ந்து வேலை செய்தோம். திண்டுக்கல்லில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவருடைய நிதானம் தெரியும். எனக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பது சகாயம் சார் வீட்டில்தான் விளங்கியது.

சகாயம் சார் ஓய்வு பெற்ற ஆசிரியர். வத்தலக்குண்டு சாலையில் அவருக்கு நான்தான் வீடு கட்டினேன். தோல் பட்டறை வாடைக்குப் பயந்து சன்னல்களை இடைவெளியே இல்லாமல் அடைக்கச் சொன்னார். குடியேறிய வருடமே அவர் மனைவி ரெஜினாம்மாவுக்கு இளைப்பு வந்தது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூசணம்.

பாய் வந்து பார்த்தார். "சமைக்கிறது, குளிக்கிறது, மூச்சு விடுறது, அம்புட்டு ஈரமும் உள்ளயே நிக்குது. வீட்டுக்குப் போக்குவரத்து வேணும் தங்கச்சி" என்றார். கூரைக்கடியில் ஒரு காற்றுமாற்றுப் பெட்டி வைத்தார். உள்ளே இருக்கும் கெட்ட காற்று வெளியேறும்போதே புதுக்காற்று வடிகட்டி வழியாக வாடையில்லாமல் நுழையும். இரண்டும் கலக்காமல், மெல்லிய தகடுகளுக்கு இருபுறமும் ஒன்றையொன்று கடந்து போகும். அறைகளில் ஓடும் ஏசியின் குளிர்ச்சி வீணாகாது. வெளியிலிருந்து வரும் ஈரத்தில் ஒரு பங்கும் ஏசியில் உலர்ந்து வெளியேறும் காற்றோடு திரும்பிப் போய்விடும்.

ஆனால் ஐப்பசி மழை தொடங்கியதும் பூசணம் இரண்டு மடங்கானது. ரெஜினாம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யாரும் கூப்பிடாமலே அந்த மழையில் பாய் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தவை அலுமினியத் தகடுகள். அவை சூட்டை மட்டும்தான் கைமாற்றும், ஈரத்தைக் கடத்தாது. ஈரத்தையும் கடத்துகிற காகிதத் தகடு போட்ட பெட்டிக்குப் பதிலாக வேறு மாதிரி வந்திருந்தது. மழைக்காற்றின் ஈரம் அப்படியே வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது.

அவர் வந்து என்னிடம் சொன்னார். எழுதவே கூச்சமாக இருக்கிறது. "சுவர்க் கசிவுன்னு சொல்லிருவோம் பாய். ரெண்டு நாள்ல மாத்திட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டவள் நான்தான்.

அவர் கோபப்படவில்லை. "அந்தம்மா மூச்சுக்குத் தெரியும்ல?" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சகாயம் சாரிடம் சொன்னார். "சார், பெட்டி மேல எழுதியிருந்தத நம்பிட்டேன், உள்ள திறந்து பாக்கல. தப்பு என்னோடது. நானே மாத்தித் தாரேன்." சகாயம் சார் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பிறகு, "செத்த நேரம் உக்காருங்க பாய், நனைஞ்சு போயிருக்கீங்க" என்றார்.

சரியான தகடு வரும்வரை பெட்டியை நிறுத்திவைத்து, ஏசியை ஈரம் உறிஞ்சும் முறையில் ஓடவிட்டார். தினமும் ஈரமானியோடு போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். பூசணத்தைத் தானே தேய்த்துக் கழுவினார். புதுத் தகட்டைப் போட்ட அன்று, "இது ஈரத்த உறிஞ்சுற மெசின் இல்ல சார், உள்ள வாரத கொறைக்கும், அம்புட்டுதான். மழைக்காலத்துல ஏசியும் சேந்து ஓடணும்" என்று மறைக்காமல் சொன்னார். சில வாரங்களில் சுவர் காய்ந்தது. ரெஜினாம்மா கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் பாடற்குழுவோடு நின்று பாடினார்.

பாயிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது ஒரு பழக்கம். மழை பெய்தால், முடித்துக் கொடுத்த வீடுகளுக்குப் போகிறேன். போன வாரம் சின்னாளபட்டியில் ஒரு வீட்டம்மா கதவைத் திறந்து, "நாங்க கூப்பிடவே இல்லையே மேடம்?" என்றார். மாடியறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று ஈரம். சன்னலுக்கு மேல் இருக்கும் தளத்தில் தண்ணீர் வழிந்தோட வாட்டம் போதவில்லை. நான் கவனிக்காமல் விட்டது. அதை அந்த வீட்டம்மாவிடம் அங்கேயே சொன்னேன். சொல்ல முடிந்தது.