சுருண்ட தக்காளி இலைகள்

சின்னமனூரில் எங்கள் மாடித் தோட்டத்துத் தக்காளிச் செடிகளின் இலைகள் திடீரென்று கயிறுபோல் முறுக்கிச் சுருண்டன. பக்கத்து வீட்டு செல்வியின் கத்தரிச் செடியிலிருந்து வெள்ளை ஈதான் நோயைக் கொண்டுவந்தது என்று முடிவுகட்டி, அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் செல்வியே மாடியேறி வந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஈயே இல்லயேக்கா. களைக்கொல்லி அடிச்ச ஸ்ப்ரேயர்லயா தண்ணி தெளிச்சீக?”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் கணவர் திரும்பினார். “தோப்புல புல்லுக்கு அடிச்சேன். கழுவித்தானே வச்சேன்!”

“எம்புட்டுக் கழுவுனாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும்ணே. அதுக்குத் தனி ஸ்ப்ரேயர் வேணும்.”

அவர் விழித்த விழியைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் அவள் கொடுத்த நாற்றுகளைப் புது மண்ணில் நடும்போது, அவளைச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன்.

“தெரியும்க்கா. அதான் ஏறி வந்தேன்” என்றாள்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஏறி வந்திருப்பேனா? இன்னும் தெரியவில்லை.