உறைக்குள்ளிருந்து கூப்பிட்ட மருமகன்

வெளிநாட்டில் வேலை செய்யும் மருமகன், காஞ்சிபுரத்தில் நடக்கும் என் மகளின் வளைகாப்பை வீடியோ காலில் பார்க்க வேண்டுமே என்று பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். அதிலிருந்த அரதப்பழசான வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல்நாள் மாலை ஜோராக வேலை செய்தது. தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டில் என் மனைவி இறுக்கமாகத் தைத்திருந்த உறையில் லேப்டாப்பைப் பத்திரப்படுத்தினேன்.

மறுநாள் உருவி எடுத்தால் வைஃபை இல்லை! டிரைவரை மறுபடி போட்டேன். லினக்ஸைத் திட்டித் தீர்த்தேன். அதற்குள் மகளுக்குச் சந்தனம் பூசத் தொடங்கிவிட்டார்கள். அவள் கண் என் மேலேயே இருந்தது.

“ஊடு பூரா ஜனம் இருக்குது, யார்னா மிதிச்சிடப் போறாங்க” என்று மனைவி லேப்டாப்பை மூடி, அணைக்காமலே உறைக்குள் தள்ளினாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மணி அடித்தது.

“அப்பா, அவருதாம்பா!” என்று மகள் கத்தினாள்.

அவசரமாக உருவினேன். மணி நின்றுவிட்டது.

அப்போதுதான் ஓரத்திலிருந்த குட்டி வைஃபை சுவிட்ச் கண்ணில் பட்டது. உள்ளே தள்ளும்போது உறை உரசி அதைப் போட்டுவிடுகிறது, உருவும்போது அணைத்துவிடுகிறது! நகத்தால் நகர்த்தினேன். மறுபடி மணி அடித்தது. திரையில் மருமகன் சிரித்தார். மகள் இரண்டு கைகளையும் தூக்கி வளையல்களைக் குலுக்கினாள்.

இப்போதெல்லாம் வைஃபை வராவிட்டால் முதலில் சுவிட்சைத்தான் பார்க்கிறேன். உறைதான் காரணம் என்று மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இதைப் படிக்கும் நேரத்தில் நான் கடைவீதிக்குப் போயிருப்பேன்.